உயிர் காப்போருக்கு உரிமை இல்லையா?

"ஆபத்திலே அழைக்கிறான் ஒருவன். அந்த அழைப்பை ஏற்க வேண்டியவர்கள் வேலைநிறுத்தம் செய்வதா? இது அறமா? இது மனிதத் தன்மையா?"

இந்தக் கேள்வி நம் செவியில் அடிக்கடி விழுகிறது. அவசர அழைப்பு மையங்களில் பணியாற்றுவோர், ஊதியம் போதவில்லை என்று வாய் திறந்தால் போதும். ஓய்வு வேண்டும் என்று கை உயர்த்தினால் போதும். உடனே எழுகிறது இந்தக் கேள்வி. ஏட்டிலே எழுதுகிறார்கள், மேடையிலே முழங்குகிறார்கள், ஆட்சிப் பீடத்திலிருந்து அறிக்கை விடுகிறார்கள். கேள்வி கேட்பது பகுத்தறிவின் முதற்படி. ஆகவே இந்தக் கேள்வியையும் நாம் வரவேற்கிறோம். ஆனால், பாதிக் கேள்வியைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பை எழுதுவதை ஏற்க மறுக்கிறோம்.

எதிர்த் தரப்பின் வலுவை முதலில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். நள்ளிரவில் பாம்பு தீண்டிய சிறுவன். பேறுகால வேதனையில் துடிக்கும் தாய். சாலையிலே குருதி கொட்டக் கிடக்கும் கூலியாள். இவர்கள் முதலாளிகளும் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். ஊதியத்தைக் குறைத்தவர் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. ஆலை நின்றால் முதலாளியின் இலாபம் நிற்கும். அழைப்பு மையம் நின்றால் ஏழையின் மூச்சு நிற்கும். ஆகவே, நெசவாலைத் தொழிலாளி கையாளும் கருவியை அழைப்பு மையத் தொழிலாளி அப்படியே எடுத்துக் கையாள முடியாது. இதை நாம் மறுக்கவில்லை. அந்தத் தொழிலாளரும் மறுக்கவில்லை.

ஆனால், இதிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? "ஆகவே, அவர்கள் வாய் மூடி வேலை செய்யட்டும்" என்பதா? "ஆகவே, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது" என்பதா? இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

கண் காணாத களம்

அந்தப் பணி எத்தகையது என்று முதலில் பார்ப்போம்.

1935 நவம்பரில், இலண்டன் மாநகரத்து விம்போல் தெருவில், ஒரு மருத்துவர் இல்லத்திலே தீப்பற்றியது. அண்டை வீட்டார் தொலைபேசியை எடுத்தார். தீயணைப்புப் படையை அழைக்க வேண்டுமானால் தொலைபேசி நிலையத்தார் இணைப்புத் தர வேண்டும். எந்த அழைப்பு நலம் விசாரிக்கும் அழைப்பு, எந்த அழைப்பு உயிர் காக்கும் அழைப்பு என்று பிரித்தறிய நிலையத்திலே வழி இல்லை. அவர் வரிசையிலே காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தீயிலே ஐந்து பெண்கள் மாண்டனர். அதன் பின் ஆராய்ச்சி நடந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் இலண்டனில் பிறந்தது. அந்த எண்ணை எவர் சுழற்றினாலும் நிலையத்திலே சிவப்பு விளக்கு எரியும், ஒலி எழும். அமெரிக்காவில் 1968 பிப்ரவரி 16 அன்று, அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே 911 தொடங்கிற்று. தமிழ்நாட்டிலே 2008 செப்டம்பர் 15 அன்று 108 ஊர்தி ஓடத் தொடங்கிற்று.

விளக்கு எரிய மின்சாரம் போதும். மணி ஒலிக்க இயந்திரம் போதும். மறுமொழி சொல்ல மனிதர் வேண்டும். அந்த மனிதரை மறந்துவிட்டு எண்ணை மட்டும் போற்றுகிறோம்.

காதிலே ஹெட்போன், கண் முன்னே கணினித் திரை. மறுமுனையில் அலறல். அந்த அலறலுக்கு நடுவே இடத்தைக் கேட்டறிய வேண்டும். இடம் தெரியாவிட்டால் மற்றது எது தெரிந்தும் பயன் இல்லை. ஊரின் பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தை பேசலாம்; நாக் குழறும் முதியவர் பேசலாம்; குடித்துவிட்டு வசை பொழிபவனும் பேசலாம்; வேடிக்கைக்காக அழைத்து நேரத்தைத் திருடுபவனும் பேசலாம். அத்தனை பேருக்கும் ஒரே குரல், ஒரே நிதானம். வண்டியை அனுப்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. "மார்பின் நடுவில் கை வையுங்கள், அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள்" என்று, காணாத உடலுக்குக் காணாத கைகளைக் கொண்டு உயிர் ஊட்ட வேண்டிய நேரமும் உண்டு. பின்பு இணைப்பு அறுகிறது. பிழைத்தாரா? மாண்டாரா? பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அடுத்த மணி ஒலித்துவிடுகிறது.

"நாற்காலியில் அமர்ந்து பேசுகிற வேலைதானே!" என்பார் உண்டு. அவர்களுக்கு மருத்துவ அறிவே விடை தந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, கொடிய நிகழ்ச்சியை நேரிலே கண்டவர் மட்டுமல்லர், தொழிலின் காரணமாக அதன் கொடூர விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்பவரும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய்க்கு ஆளாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. காயம் கண் வழியாகத்தான் புக வேண்டும் என்பதில்லை. காது வழியாகவும் புகும்.

பெயரிலே பேதம்

இத்தகைய தொழிலாளரை உலகம் எந்த வரிசையிலே உட்கார வைத்திருக்கிறது?

அமெரிக்க மத்திய அரசு தொழில்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலே, போலீசாரும் தீயணைப்பு வீரரும் பாதுகாப்புப் பணியாளர் என்ற தலைப்பிலே இடம் பெற்றனர். 911 அழைப்பை ஏற்போரோ, அலுவலக உதவிப் பணியாளர் என்ற தலைப்பிலே, எழுத்தர்களோடு சேர்க்கப்பட்டனர். இதை மாற்ற வேண்டும் என்று 2019இல் அந்நாட்டு நாடாளுமன்றத்திலே மசோதா கொண்டுவர நேர்ந்தது. ஒரே தீ, ஒரே விபத்து, ஒரே உயிர். களத்திலே நிற்பவர் காவலர், அவரைக் களத்துக்கு அனுப்பியவர் குமாஸ்தா!

இங்கே பிறப்பின் பேரால் பேதம் இல்லை. பதிவேட்டின் பேரால் பேதம். ஆயினும், முதலிலே பெயரைத் தாழ்த்தி, பிறகு பெயரைக் காட்டி மதிப்பைக் குறைக்கும் அந்தக் கலை நமக்குப் புதிதன்று. தொழிலைத் தாழ்ந்தது என்று சொல்லிவிட்டால், அதைச் செய்பவரின் வியர்வைக்கு விலை பேச வேண்டியதில்லை அல்லவா?

நம் நாட்டு நிலை வேறு விதம். 108 என்பது அரசு அறிவித்த எண். செலவுக்குப் பணம் மக்கள் தந்த வரிப்பணம். நடத்துவதோ ஒப்பந்தம் பெற்ற தனியார் அமைப்பு. ஆகவே, ஊழியர் அரசு ஊழியர் அல்லர். அரசுப் பணி செய்பவர் மட்டுமே! குறையைச் சொன்னால் அரசு அமைப்பைச் சுட்டலாம். அமைப்பு ஒப்பந்தத்தைச் சுட்டலாம். ஒப்பந்தமோ வாய் பேசாத காகிதம். 108 ஊர்தி ஊழியர்கள் தமிழ்நாட்டிலே பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்குக என்று பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலையின் நினைவான மே நாளை, இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையிலே சிங்காரவேலர் கொண்டாடியது 1923இல். நூறாண்டு உருண்டோடிய நாட்டிலே, அதே மணிக்கணக்கை இன்னும் மனுவாக எழுத வேண்டியிருக்கிறது!

தொண்டு என்னும் தங்க விலங்கு

கூலி கேட்டவனுக்குக் கூலி தராமல் அனுப்பப் பழைய உலகம் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அவனைப் புகழ்ந்துவிடுவது! "நீ செய்வது தொழிலா? தொண்டு! புனிதப் பணி! உயிர் காக்கும் தெய்வம் நீ!" என்கிறார்கள். தெய்வத்துக்குப் பசிக்குமா? தெய்வத்துக்கு வீட்டு வாடகை உண்டா? தெய்வத்தின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் உண்டா? ஆகவே தெய்வமாக்கப்பட்டவன் வாய் அடைபட்டுப் போகிறது. பயன் கருதாமல் கடமை செய் என்று கீதையின் பேரால் உபதேசம் செய்வோர், அந்தப் பயன் எவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

2020 மார்ச் 22 அன்று மாலை, தொற்றுநோய்க் காலத்திலே, உயிர் காப்போருக்கு நன்றி சொல்ல நாடெங்கும் தட்டுகள் ஒலித்தன. ஒலித்த நெஞ்சங்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் தட்டை ஒலிப்பது ஒன்று. தட்டிலே சோறு இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. முன்னது ஒரு மாலைப் பொழுதோடு முடிந்தது. பின்னது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று எழும் கேள்வி.

தீர்ப்பும் அறமும்

2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சிலே பணிநீக்கம் செய்யப்பட்டனர். அது பற்றிய வழக்கிலே 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அற உரிமையும் இல்லை என்று கூறிற்று. சட்டம் எது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குத் தலை வணங்குவோம். அறம் எது என்று ஆராய ஒவ்வொரு மனிதனுக்கும் அறிவு உண்டு. அதை எவரிடமும் அடகு வைக்க மாட்டோம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தத்துக்கு முன் 14 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. உயிர் காக்கும் பணியிலே முன்னறிவிப்பு வேண்டும் என்பது நியாயமே. நாம் கேட்பது இது: அந்தப் பதினான்கு நாட்களில் தொழிலாளி காத்திருக்க வேண்டும், சரி. மறுதரப்பு என்ன செய்ய வேண்டும்? பேச வேண்டுமா, அல்லது தடையாணை வாங்க ஓட வேண்டுமா? பொறுமை ஒரு பக்கத்துக்கு மட்டும் விதிக்கப்பட்டால் அது பொறுமை அன்று, அடக்குமுறை.

நம் விடை

நம் விடையைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். ஆபத்திலே ஒலிக்கும் மணியை எடுக்காமல் விடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால், அந்த உரிமை தொழிலாளிக்கு இல்லை என்று சொல்லும் சமுதாயம், அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தே தீர வேண்டும். ஒருவன் கையிலுள்ள வாளை ஊரின் நன்மைக்காக வாங்கிக்கொண்டால், அவனைக் காக்கும் பொறுப்பை ஊர் ஏற்க வேண்டும். வாளையும் வாங்கிக்கொண்டு, கேடயத்தையும் பறித்துக்கொண்டு, "நீ தியாகி" என்று மாலை போடுவது மோசடி.

இது நம் கற்பனை அன்று. பிரிட்டனில் 1918, 1919 ஆண்டுகளில் போலீசார் வேலைநிறுத்தம் செய்தனர். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் தொழிற்சங்க உரிமையைப் பறித்தது. அதை நாம் பாராட்டவில்லை. ஆயினும் அதே ஆண்டிலே, டெஸ்பரோ குழுவின் பரிந்துரைப்படி அவர்கள் ஊதியம் பெரிதும் உயர்த்தப்பட்டது. உரிமையை எடுத்த கை, ஓரளவாவது ஈடு கொடுத்தது. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் சங்க உரிமைக் குழுவும் இதே நெறியைத்தான் வகுத்திருக்கிறது: நின்றுபோனால் உயிருக்கு ஆபத்து நேரும் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம்; ஆனால் அதற்கு ஈடாக, நடுநிலையான, விரைவான சமரசமும் நடுவர் தீர்ப்பும் தொழிலாளருக்குக் கிடைத்தாக வேண்டும்.

"உரிமை கொடுத்தால் உயிரோடு விளையாடுவார்கள்" என்று அஞ்சுவோர் வரலாற்றைப் பார்க்கட்டும். 1989-90இல் பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் தொழிலாளர், போலீசாருக்கும் தீயணைப்பு வீரருக்கும் இருப்பது போல் ஊதிய உயர்வுக்கு ஒரு நிலையான விதி வேண்டும் என்று போராடினர். மாதக் கணக்கிலே போராட்டம். போலீசாரும் இராணுவமும் வண்டியோட்ட அழைக்கப்பட்டனர். அப்போதும் அவசர அழைப்புகளுக்குப் போகத் தொழிலாளர் முன்வந்தனர். 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அவர்களுக்காக மனுவிலே கையெழுத்திட்டனர். ஊதியம் உயர்ந்தது; கேட்ட விதி மட்டும் கிடைக்கவில்லை. விளைவு? 2022 டிசம்பர் 21 அன்று, அழைப்பு மையத்தார் உட்பட, மீண்டும் வேலைநிறுத்தம். அன்றும் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வந்த அழைப்புகளுக்கு ஆள் நிறுத்தும் ஏற்பாட்டைச் சங்கங்கள் முன்கூட்டியே செய்தன. உயிரின் அருமை, அன்றாடம் உயிரைக் காப்பவனுக்குத் தெரியாதா?

ஆகவே கடன்பட்டவர் செலுத்த வேண்டியதைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். எட்டு மணி நேர வேலை, கொடிய அழைப்பு ஒன்றைக் கேட்ட பின் மூச்சு வாங்க இடைவேளை, மனநல மருத்துவ உதவி, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஊதிய விதி, சங்கத்துக்கு ஏற்பு, தகராறு எழுந்தால் குறித்த நாளுக்குள் முடிவு கூறும் நடுவர் குழு. இவற்றைக் கொடுத்த பின் "வேலைநிறுத்தம் வேண்டாம்" என்று சொல்லுங்கள். நாமும் உடன் சொல்வோம். கொடுக்காமல் சொல்வோருக்கு அறத்தின் பெயரை உச்சரிக்கும் தகுதி இல்லை.

"பணம் இல்லையே!" என்பர். தூங்காத கண்ணும் கலங்கிய மனமும் ஒரு முகவரியைத் தவறாகக் கேட்டால் அதற்கு யார் பணம் கொடுப்பது? களைத்த காதிலே விழும் அழைப்பு பாதி அழைப்பு. தொழிலாளியின் ஓய்வு அவனுக்குத் தரும் சலுகை அன்று. அழைக்கப் போகும் நமக்கு நாமே செய்துகொள்ளும் காப்பு.

இளைஞர்களே! இனி ஒரு நாள் அவசர அழைப்பு ஊழியர் போராட்டம் என்ற செய்தி வரும். "இவர்களுக்கு ஈரம் இல்லையா?" என்று கேட்க ஆயிரம் பேர் இருப்பர். நீங்கள் வேறு கேள்விகளைக் கேளுங்கள். இவர்கள் என்ன கேட்டார்கள்? எத்தனை நாளாய்க் கேட்டார்கள்? எவரிடம் கேட்டார்கள்? மறுமொழி சொல்லாமல் இருந்தவர் யார்?

நம் அழைப்புக்கு நொடியிலே மறுமொழி தருகிறவர்கள் அவர்கள். அவர்கள் அழைப்பு ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துப் பேச வேண்டிய முறை இப்போது நம்முடையது.