நோவுக்குச் சாட்சி யார்?

புண்ணைப் பிறர் கண்ணால் காண்பர்; காய்ச்சலைக் கைவைத்து அறிவர். முகத்தெலும்புக்குள் இருக்கும் நோவை எவர் காண்பார்? நெற்றி, கன்னம், கண்களின் இடைப்புறம், அதற்கும் பின்புறம் என மூக்கைச் சூழ 4 இணைக் காற்றறைகள் உள்ளன. கன்னத்தறையை ஆங்கில மருத்துவர் நத்தேனியல் ஹைமோர் 1651-இல் விரித்தெழுதினார். இவற்றின் சவ்வு வீங்கி, வாயில் அடைபட்டுச் சளி தேங்கும் நிலை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் நோய். கன்னம் கனக்கும்; மேற்பல் வலிக்கும்; குனிந்தால் நோவு மிகும். ஸுஜூதில் நெற்றியை வைக்கும்போது இதன் கடுமையைப் பட்டவர் அறிவர்.

பார்ப்பவருக்கோ முகம் முகமாகவே இருக்கிறது. ஆதலால் வீட்டார் ஐயுறுகின்றனர். "வேலைக்குச் சோம்பி முகத்தைச் சுருக்குகிறாள்" என்பதை மருமகள்களே அதிகம் கேட்கின்றனர். மகனுக்கு அதே நோவு வந்தால் அடுப்பில் கஷாயம் கொதிக்கிறது!

பிறர் காணவியலாத ஒன்றை நம்புதல் கடமையா? ஃபிக்ஹு நூலோர் இதனை முன்னரே சிந்தித்துள்ளனர். மாதவிலக்கைக் கொண்டு கணக்கிடும் இத்தா முடிந்ததா என்பதில், காலம் இடந்தருமாயின், பெண்ணின் சொல்லையே ஏற்கின்றனர். அவளன்றி அதனை அறிவார் இல்லை. குனிய இயலாத நோயாளி அமர்ந்து சைகையால் தொழலாம் என்பதிலும், அவருடைய அனுபவமோ நம்பத்தக்க மருத்துவரின் சொல்லோ போதுமானதாகிறது.

எனினும் ஒரு நுட்பம் உண்டு. நோவுக்கு நோயாளி சாட்சி. நோவின் காரணத்துக்கு அவர் சாட்சியல்லர். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சைனஸ் தலைவலி எனத் தாமோ மருத்துவரோ கருதியிருந்த ஏறத்தாழ 3000 பேரில் 88 விழுக்காட்டினருக்கு ஒற்றைத் தலைவலியின் இலக்கணமே பொருந்தியது. முகவலி மட்டும் சைனஸ் நோய்க்குப் போதிய அடையாளமன்று. மூக்கடைப்போ சளியொழுக்கோ உடனிருத்தல் வேண்டும். உள்நோக்குக் கருவியோ சி.டி. படமோ அதனை உறுதிசெய்தல் வேண்டும். "எனக்குச் சைனஸ்தான்" என்று தாமே தீர்ப்பெழுதி, மருந்துக்கடையில் ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குவோர் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிக் காழியின் இருக்கையில் அமர்ந்துவிடுகின்றனர்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. படம் தெளிவாக வந்தவுடன், "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்கின்றனர் வீட்டார். படம் மறுத்தது ஒரு காரணத்தை, நோவையன்று. களவு வழக்கில் ஒருவன் விடுதலையானான் என்பதற்காகக் களவே நடக்கவில்லை என்று எந்தக் காழியும் கூறார். பல்லின் வேரிலோ, முகநரம்பிலோ, ஒற்றைத் தலைவலியிலோ காரணம் இருக்கலாம். பல் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் அவளை அழைத்துச் செல்லும் பொறுப்பு, அதுவரை ஐயுற்றிருந்த அதே வீட்டாருக்கே உரியது.