ஆசிரியர் மேசையும் நிர்மாலியமும்



முல்லைத்தீவு நாட்டிலே ஒட்டுசுட்டானிற் கோயில் கொண்டருளும் தான்தோன்றீசுவரப் பெருமான் வெளிப்பட்ட வரலாற்றை நீவிர் கேட்டிருப்பீர். குரக்கன் கொய்தபின் நின்ற தாளாகிய ஒட்டைக் கமக்காரன் ஒருவன் சுட்டபோது ஓரிடம் மாத்திரம் வேகாது நின்றதென்றும், அங்கே இலிங்கம் வெளிப்பட்டதென்றும் முன்னோர் சொல்லுவர். பெருமான் அப்பொழுது புதிதாக வந்தாரல்லர். முன்னரே அங்கிருந்தார், ஒட்டு மறைத்திருந்தது.

இனி நம் மேசையை நோக்குவாம். சென்ற தவணையின் வினாத்தாள்கள், முறிந்த வெண்கட்டிகள், மை வற்றிய பேனைகள், எப்பொழுதோ வந்த சுற்றுநிருபங்கள். அவற்றின் அடியிலே திருத்தப்படாத பிள்ளைகளின் கொப்பிகள். அம்மேசையின்முன் நின்று தேவாரம் படிப்பிக்கும்போது வாய் ஒன்றைச் சொல்ல, கண் அக்குவையின்மேற் செல்லுகின்றது. "என்னை எப்பொழுது பார்ப்பாய்?" என்று ஒவ்வொரு தாளும் கேட்பது போலும். மனம் அமைதியுறாமைக்கு வேறு காரணம் தேடுவதென்னை? அடியேனும் இக்குற்றத்துக்கு உட்பட்டவனே.

இவையெல்லாம் எம் உழைப்பன்றோ, இவற்றை நீக்குவது எங்ஙனம் எனின், சிவபூசையை நோக்குக. நேற்றுச் சாத்திய மலர் இறைவன் திருமேனியிலே இருந்தது. அப்பேறு நம் வினாத்தாளுக்கு வாய்த்ததன்று. ஆயினும், அந்த நிர்மாலியத்தைக் களைந்த பின்னரே சிவாசாரியர் திருமஞ்சனமாட்டிப் புதுமலர் சாத்துவர். பழையதன்மேற் புதியதை அடுக்குவாரல்லர். களைந்ததை இகழ்ந்து எறிவாருமல்லர். அது சண்டேசுவரர்க்கு உரியதாகின்றது. பூசைக்குரிய ஐந்து சுத்திகளுள்ளே தன்னைச் சுத்தி செய்தலோடு இடத்தையும் பொருளையும் சுத்தி செய்தலும் சேர்ந்திருத்தல் காண்க. அகம் தூயதாயிருந்தாற் போதும், புறம் எப்படியும் இருக்க என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இவ்வளவும் சொல்லும்போது ஒரு கூச்சமும் உண்டாகின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டு போனதும், 2009இலே போரின் இறுதியில் முள்ளிவாய்க்காற் கரைவரையும் இடந்தோறும் ஒவ்வொன்றாய்க் கைவிட்டு நடந்ததும் இந்நாட்டார்க்கு மறக்கற்பாலனவல்ல. பிறப்பத்தாட்சியையும் சான்றிதழ்களையும் ஒரு பொதியிலே கட்டி மார்போடணைத்துச் சென்றவர் இன்று ஒரு துண்டுக் கடதாசியையும் எறிய மாட்டாராயின், அவரைக் குறை கூறுதல் அறமன்று. ஆயினும் அன்பர்களே, பறிகொடுத்தல் வேறு, களைதல் வேறு. முன்னதிலே தெரிவு நமக்கில்லை. பின்னதிலே ஒவ்வொரு தாளையும் கையிலெடுத்துப் பார்த்து, இது நிற்க, இது போக என்று நாமே சொல்லுகின்றோம். அச்சத்தினால் எல்லாவற்றையும் ஒன்றாய்க் குவித்து வைத்தவர்க்கோ, காத்த சான்றிதழே வேண்டும்போது அகப்படுவதில்லை.

ஆராயாது நீக்குதலும் பிழையே. வரவு இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், பழைய மாணாக்கரின் பதிவுகள் என்பவற்றை ஒழுங்காக அடுக்கிப் பாதுகாத்தல் வேண்டும். ஏடுகளைக் கறையானுக்கு ஈந்த பழியும், 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரும் நமக்குப் போதும். திருப்புகலூரிலே அப்பமூர்த்திகள் உழவாரப்பணி செய்தபோது பொன்னும் மணியும் தோன்ற, அவற்றையும் பருக்கைக் கல்லோடொப்ப வாரி வாவியில் எறிந்தார். நாம் அத்துணைத் தூரம் போகவேண்டுவதில்லை. மை வற்றிய பேனையை எறிந்தாற் போதும்.

நவராத்திரியில் வாணி விழா வரும்போது பாடசாலை முழுவதையும் கழுவித் துடைத்துப் புத்தகங்களைத் தேவியின் திருமுன் வைக்கின்றோம். மறுவாரமே மேசை பழைய நிலைக்கு மீளுகின்றது. நிர்மாலியம் களைதலோ நாடோறும் நிகழ்வது. ஆதலின், பாடசாலை விடும் மணி அடித்தபின் கால்மணி நேரம் இருந்து மேசையைப் பார்க்க. முதலிலே அடியிற் கிடக்கும் கொப்பிகளை எடுக்க. அவை நம்முடைய பொருளல்ல. மேலட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, திருத்தி, நாளைக் காலையில் அப்பிள்ளையை அழைத்து அவன் கையிலே கொடுக்க.