இந்த ஒரு வருஷம் மட்டும்



நேற்று திரு இருதயப் பெருவிழா. இன்று மரியாவின் மாசற்ற இதயத்தைக் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடங்களும் திறந்துவிட்டன. ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்ற குரு நான். ஜூன் பிறந்தால் இன்னமும் என் மனசு பள்ளிக்கூட வாசலுக்குத்தான் போகிறது.

இன்றைய நற்செய்தியில் பன்னிரண்டு வயது மகன் இயேசுவைக் காணாமல் தாயும் தகப்பனும் தேடி அலைகிறார்கள். அந்தத் தவிப்பைச் சொல்வதற்கு முன்பே லூக்கா வேறொன்றைச் சொல்லிவிடுகிறார்: பாஸ்கா விழாவுக்கு ஆண்டுதோறும் எருசலேம் போவது அவர்கள் வழக்கம். நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் கால்நடையாக. அத்தனை நாளும் யோசேப்புக்குத் தச்சுவேலை கிடையாது, வருமானமும் கிடையாது. வசதியான வீடும் இல்லை அது. குழந்தையை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்தபோது, ஏழைகளுக்கென்று சட்டம் அனுமதித்த ஒரு சோடிப் பறவைகளைத்தான் அவர்களால் கொண்டுபோக முடிந்தது. அப்படிப்பட்ட வீடு, ஆண்டவருக்குரிய நாள்களை ஆண்டவருக்கே வைத்திருந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "பையன் பத்தாவது, சாமி. இந்த ஒரு வருஷம் மட்டும் மறைக்கல்விக்கு வரமாட்டான்." இந்த வார்த்தையைக் கேட்காத பங்குத்தந்தை இருக்க மாட்டார். பத்தாவது முடிந்தால் பதினொன்று, அப்புறம் ப்ளஸ் டூ, நீட் தேர்வு. முதலில் மறைக்கல்வி போகிறது, பிறகு ஞாயிறு பூசை, கடைசியில் இரவுச் செபம். தேர்வு நெருங்கும்போது மட்டும் பேனாவை மந்திரிக்கக் கொண்டுவருகிறோம். பேனாவை மந்திரிப்பது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முக்கியமான வேலை வந்தால் கடவுளைத் தள்ளிவைக்கலாம் என்ற பாடத்தை அந்தப் பிள்ளை நம்மிடமிருந்தே படித்துவிடுகிறதே!

பெற்றோரே, உங்கள் பயம் எனக்குத் தெரியும். ப்ரோக்ரஸ் கார்டு வாங்க வரும் அப்பாக்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, சிமெண்ட் படிந்த சட்டையோடு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணாக விரலை வைத்து வாசிப்பார்கள். தன் பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்ற அன்பு அது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை கார்டைப் பார்க்காது, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எதற்கு அந்த முகம் மலர்கிறது, எதற்குச் சுருங்குகிறது என்பதை வைத்துத்தான் நம் வீட்டில் எது பெரிது என்று அது முடிவு செய்கிறது. நான் நடத்திய எந்தப் பாடமும் அந்த அளவுக்கு உள்ளே இறங்கியதில்லை.

திமொத்தேயுவை நினைத்துப் பாருங்கள். லிஸ்திரா ஊர்ப் பிள்ளை. தகப்பன் கிரேக்கர், தாய் விசுவாசம் கொண்ட யூதப் பெண். பவுலைப்போல ஓர் ஆசான் பிறகு அவருக்குக் கிடைத்தார். ஆனால் அவருடைய விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் தன் போதனையைச் சொல்லவில்லை. பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். கணவர் கோவிலுக்கு வருவதில்லை, நான் ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று வருந்தும் தாய்மாரே, யூனிக்கி உங்களைப் போன்றவர்தான். பாட்டிமாரே, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செபமாலை சொல்கிறீர்களே, அதைச் சின்ன வேலையாக எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கல்வி பற்றிய தன் அறிக்கையில் சொன்னது. பள்ளிக்கூடம் அதற்குப் பிறகுதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பத்தாவது படிக்கும் பிள்ளையே விவிலியம் வாசிக்கட்டும். அன்று பள்ளியில் யாராவது மனசு நோக நடந்திருந்தால் அதைச் சொல்லி செபிக்கட்டும். மதிப்பெண் குறைந்த நாளிலும் அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அன்றுதான் பிள்ளைக்கு அது அதிகம் தேவை.

டியூஷன் நடத்துகிறவர்கள் நம் பங்கிலும் இருக்கிறீர்கள். ஞாயிறு காலையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். நாளைப் பூசை முடிந்ததும் மறைக்கல்வி தொடங்குகிறது. பத்தாவது, ப்ளஸ் டூ பிள்ளைகளின் பெயரையும் எழுதிக்கொடுங்கள். கொண்டுவந்து விடும்போது பெற்றோரும் முதல் நாள் கொஞ்ச நேரம் உள்ளே வந்து உட்காருங்கள்.