வெள்ளையா, சுத்தமா?

ஷா ஆலமில் எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் பற்பசை அடுக்கின் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். பற்சொத்தையைத் தடுக்கும் என்று சொல்லும் பேஸ்ட் ஒரு பக்கம் இருக்கும். பக்கத்திலேயே பல்லை வெள்ளையாக்கும் என்று சொல்லும் பேஸ்ட், விலை பெரும்பாலும் சில வெள்ளி கூடுதலாக இருக்கும். கல்யாணம், இன்டர்வியூ, செல்ஃபி என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நம் இளைஞர்களின் கை இரண்டாவதை நோக்கித்தான் போகிறது. "இதுல என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் அது சொன்னதைச் செய்கிறதா என்று பார்ப்போம். தப்பா, சரியா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

பல்லின் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். ஒளி அதற்குள் ஓரளவு ஊடுருவும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயசு ஏற ஏற எனாமல் தேய்ந்து, அடியில் இருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே மஞ்சளாக இருக்கும் பல் எல்லாம் அழுக்குப் பல் இல்லை.

மாமாக் கடை தே தாரேக், கோப்பி ஓ, சிகரெட், வெற்றிலை ஆகியவற்றின் கறை எனாமலின் மேலே படிகிறது. வெண்மைப் பற்பசை இந்தக் கறையை ஓரளவு எடுக்கும், அது உண்மை. சிலிகா, கால்சியம் கார்பனேட் போன்ற நுண்துகள்கள் தேய்த்து எடுக்கின்றன. சாதாரண பேஸ்டிலும் இதே மாதிரி துகள்கள்தாம் இருக்கின்றன. ஆனால் அடியில் உள்ள நிறத்தை இந்தத் தேய்ப்பு தொடாது. அதை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ரசாயனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை அது கலந்த பொருளைப் பல் மருத்துவர் வழியாகத்தான் வாங்க முடியும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

சில பேஸ்டில் நீல நிறமி சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார் வெள்ளை வேட்டியை அலசும்போது நீலம் போடுவார்கள் இல்லையா, அதே வேலைதான். மஞ்சள் போகவில்லை, நம் கண்ணுக்கு மறைகிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. கரி கலந்த பேஸ்ட் இப்போது ரொம்பப் பிரபலம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, அது வெளுக்கும் என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. வெளுக்க வேண்டும் என்று போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும். அது திரும்ப வளராது. கடைசியில் மஞ்சள் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

சரி, நீலம் போட்ட வேட்டி பொய்யா? பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பேர் கூடும் இடத்துக்கு நன்றாகப் போய் நிற்பது அவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை. பளிச்சென்று சிரிக்க ஆசைப்படுவதில் குற்றமே இல்லை. வெள்ளைதான் சுத்தம், வெள்ளைதான் உயர்வு என்று அதை ஓர் அளவுகோல் ஆக்கும்போதுதான் குற்றம் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்த அளவுகோல் பல்லோடு நிற்பதில்லை.

அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் வீட்டுக் குளியலறையிலேயே சாட்சி இருக்கலாம். மலேசியாவில் பலரும் வாங்கும் 'டார்லி' பேஸ்டின் பழைய பெயர் 'டார்க்கி'. ஆங்கிலத்தில் அது கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் சொல். டியூபில் மேல் தொப்பி அணிந்த ஒரு கறுப்பு முகம், அதில் பளீரென்ற வெள்ளைப் பல். 1985-இல் அந்த நிறுவனத்தின் பாதிப் பங்கை கோல்கேட் வாங்கியது. அமெரிக்காவில் எதிர்ப்பு வலுத்தது. 1989-இல் ஆங்கிலப் பெயரும் படமும் மாறின. 'கறுப்பர் பற்பசை' என்ற சீனப் பெயர் மாற 2022 ஆனது. பல்லின் வெண்மையைக் காட்ட ஒரு மனிதனின் கறுப்பைக் கேலிப்பொருள் ஆக்கினார்கள். இத்தனை வருஷம் அது விற்பனையும் ஆனது.

"வெள்ளைக்காரன், சீனன் செஞ்சது" என்று நாம் கையைக் கழுவிவிட முடியாது. "லைட்ட அடைச்சா பல்லு மட்டும்தான்டா தெரியும்" என்ற ஜோக்கை நம் பிள்ளைகளிடம் அதிகம் சொல்வது யார்? நாம்தான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடும்ப விருந்துகளில், அத்தையும் மாமாவும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிக்கும். வேறு என்ன செய்ய முடியும் அதனால்? நாளைக்கு அதே பிள்ளை வெண்மை பேஸ்டையும் வெண்மை கிரீமையும் வாங்கினால், அந்த ஆசையை விதைத்தது விளம்பரம் மட்டும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். வாய்க்குள் வெள்ளை எப்போதும் நல்ல சகுனம் இல்லை. பற்சொத்தையின் முதல் அறிகுறி எனாமலில் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி. கன்னத்தின் உள்பக்கமோ நாக்கிலோ வரும் ஆறாத வெள்ளைத் திட்டு புற்றுநோய்க்கு முன்னோடியாக இருக்கலாம். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கியக் காரணங்கள். பாட்டியின் கறை படிந்த பல்லைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். பாட்டியைப் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக நமக்குத் தோன்றுவதில்லை. அழகை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆபத்து தெரியாது.

ஆகவே, தம்பி தங்கைகளே, வெண்மை பேஸ்ட் பிடித்தால் வாங்குங்கள், அது எவ்வளவு செய்யும் என்று தெரிந்து வாங்குங்கள். அதில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். காலையும் இரவும் அழுத்தாமல் தேயுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல் கிளினிக்குக்குப் போங்கள், வெற்றிலை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். அடுத்த விருந்தில் அந்தப் பழைய ஜோக் வரும்போது சிரிக்காதீர்கள். "வேணாம் மாமா, பிள்ளைக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மாமா ஒரு நிமிஷம் முறைப்பார், பரவாயில்லை. பக்கத்தில் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு இருக்கும்.