கருணை மட்டும் போதுமா?

சேவைக்குக் கருணையே வேர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருணையினால் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு செயல் நற்செயலாகிவிடுமா? மருத்துவ உலகின் அனுபவம் ஒன்று இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது.

தலையில் பலத்த அடிபட்டவருக்கு மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகிறது. ஸ்டீராய்டு மருந்துகள் வீக்கத்தைத் தணிப்பவை; மூளைக் கட்டியைச் சுற்றி உண்டாகும் வீக்கத்தில் நல்ல பலன் தந்தவை. தலைக்காயத்திலும் அவை உதவும் என்று நம்பி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் மருத்துவர்கள் அவற்றைக் கொடுத்து வந்தனர். எப்படியாவது இவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பே அவர்களைச் செலுத்தியது.

1999-இல் ‘க்ராஷ்’ என்ற ஆய்வு தொடங்கிற்று. காயமடைந்து எட்டு மணி நேரத்திற்குள் வந்தவர்களில் ஒரு சாராருக்கு ஸ்டீராய்டும், மறு சாராருக்கு மருந்தற்ற திரவமும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதே திட்டம். ஆனால் 49 நாடுகளில் 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004 மே மாதம் ஆய்வு நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 1,052 பேர் இரண்டு வாரங்களுக்குள் இறந்திருந்தனர். பெறாதவர்களில் 893 பேர். நூற்றுக்கு மூவர் கூடுதல்! அப்படியானால், அன்போடு கொடுக்கப்பட்ட அம்மருந்து அதுகாறும் எத்தனை உயிர்களைக் குடித்திருக்கும்?

உயிருக்குப் போராடுபவரைச் சீட்டுக் குலுக்கலிடம் ஒப்படைப்பது தர்மமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாதான். எனினும், அதற்கு முன்பும் அவர் எந்த மருத்துவமனையின் வாயிலை அடைந்தார் என்பதே அவருக்கு ஸ்டீராய்டு கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. அதுவும் குலுக்கல்தான், கணக்கு வைக்கப்படாத குலுக்கல். செய்யத்தக்கது எது, தகாதது எது என்று பகுத்தறியும் புத்தியையே கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சாத்துவிகம் என்கிறது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டு சோதித்துப் பார்ப்பவரிடம் அந்தப் புத்தியின் சாயல் இருக்கிறது.

இத்துடன் சிக்கல் தீரவில்லை. நினைவிழந்தவர் ஆய்வுக்கு இசைவு தர இயலாது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி அவருக்காக இசைவு தரலாம். அந்தப் பிரதிநிதி யார்? பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் கலங்கி நிற்கும் மனைவி; அல்லது மகன். மருத்துவரைத் தெய்வமாகக் காணும் நம் மக்கள், அவர் நீட்டும் தாளில் படிக்காமலே கையெழுத்திடுவர். ‘மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ’ என்ற அச்சமும் உள்ளூர இருக்கும். இவ்வாறு பெற்ற கையெழுத்து சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், தர்மத்துக்குப் போதாது. தம்மை வணங்குபவரிடம் சம்மதம் கேட்பவர், மறுப்பதற்கும் அவருக்கு இடம் தர வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை அவர் நம்பும்வரை சொல்ல வேண்டும். ஒரு நிமிடமும் வீணாக்க இயலாத வேளையில் இது எளிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், நோயாளி நினைவு திரும்பியதும் அவரிடமே மீண்டும் இசைவு கேட்கச் சொல்கின்றன. அப்போது அவர் ‘வேண்டாம்’ என்றால் ஆய்விலிருந்து அவரை விடுவித்தாக வேண்டும். நினைவு திரும்பாமலே மறைந்தவரிடம் மட்டும் அக்கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.