தாத்தா வெட்டிய காடு

"சேத்துக் காட்டை வெட்டி, கான் தோண்டித் தோட்டமாக்கினோம். நீ அதைத் திரும்பவும் சேறாக்கப் போறியா?"

என் இறுதியாண்டு புரொஜெக்ட் பற்றிச் சொன்னபோது தாத்தா கேட்டது இது. கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்; பிறகு செம்பனைக் குலை சுமந்தவர். நான் சிவில் எஞ்சினியரிங் மாணவன். கைவிட்ட விளைநிலத்தைச் சதுப்புநிலமாக மீட்பது என் தலைப்பு. அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியல.

பதில் தேடியபோது கிடைத்த உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் சுங்கை பூலோ. ஒரு காலத்தில் அங்கே இறால் பண்ணைகள். 1986-இல் பறவை ஆர்வலர்கள் அந்த இடத்தின் அருமையைக் கண்டார்கள். 1989-இல் 87 ஹெக்டர் ஒதுக்கப்பட்டு, 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பண்ணைக் காலத்துக் குளங்களும் மதகு முறையும் இன்றும் பயன்படுகின்றன. கடல் ஏறும்போது வெளியே சேற்றுப் பரப்பு மூழ்கிவிடும். அப்போது, மதகு வழியே நீர் குறைக்கப்பட்ட குளங்களில் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் இளைப்பாறும். உழைத்தவர் கட்டியது வீணாகல. அதன் வேலைதான் மாறியது.

நம் சமயம் சொல்லும் ஐந்து யக்ஞங்களில் முன்னோருக்கான பித்ரு யக்ஞம் உண்டு. பிற உயிர்களுக்கான பூத யக்ஞமும் உண்டு. இரண்டும் இங்கே மோதுகின்றனவா? தோட்டம் தமான் ஆனபோதும், ஃபேக்டரி ஆனபோதும் முன்னோர் உழைப்புக்கு அவமானம்னு யாரும் சொல்லல. கொக்கும் மீனும் திரும்பி வந்தால் மட்டும் ஏன் சொல்லணும்?

ஆனாலும் தாத்தாவின் பயத்தில் நியாயம் இருக்கு. எத்தனையோ தோட்டங்கள் கைமாறியபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்பட்டது நம்ம ஆளுங்களைத்தான். அங்கே இருப்பவர்களின் வீடு, வேலை, கோயில் பற்றி யோசிக்காமல் நிலத்தை மீட்டால், அது பறவைக்கு இடம் கொடுத்து மனிதரைத் துரத்துவதாகும். சக மனிதருக்கான மனுஷ்ய யக்ஞமும் அந்த ஐந்தில் ஒன்று. அதை விட்டுவிட்டுச் செய்வது தர்மமாகாது.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தண்ணி நிக்கணும்னா கானை அடைக்கணும். எந்தக் கான் எங்கே ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. அதைத் தோண்டியவருக்குத்தான் தெரியும்.

நண்பர்களே, நிலத்தை மீட்கும் எந்தத் திட்டமும் அங்கே உழைத்தவர்களைக் கேட்டுத் தொடங்கட்டும். நான் தாத்தாவிடமிருந்து தொடங்கிவிட்டேன்.