கணக்குக் கேட்டா தப்பா?

உங்க நெருங்கின நண்பரும் நீங்களும் சேர்ந்து தொழில் பண்றீங்க. ஒருநாள் அவர் ஒரு கட்டு பேப்பரை நீட்டி, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்கிறார். படிச்சுப் பார்ப்பீங்களா, அப்படியே போடுவீங்களா?

'சே, அவனையே சந்தேகப்படறதா?' என்று உடனே பேனாவைத் திறக்கிற ஆளா நீங்க? அப்ப இந்தக் கதை உங்களுக்குத்தான்.

பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் தெரியுமில்லையா? 1978-ல் அவருடைய நண்பர்களான 'மான்டி பைதான்' குழுவினர் 'லைஃப் ஆஃப் பிரையன்' என்ற நகைச்சுவைப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். ஷூட்டிங் நெருங்குகிற நேரத்தில், ஸ்கிரிப்ட்டைப் படித்து மிரண்டுபோன இ.எம்.ஐ. நிறுவனம் கழன்றுகொண்டது. ஹாரிசன் தன் பங்களாவை அடமானம் வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்தார். காரணம்? அந்தப் படத்தைப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்!

அப்படிப் பிறந்ததுதான் 'ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ்'. முதல் படமே ஹிட். 1981-ல் 'டைம் பேண்டிட்ஸ்' அமெரிக்காவிலும் வசூலை அள்ளியது. 'மோனா லிசா', 'வித்நெய்ல் அண்ட் ஐ' என்று இன்றைக்கும் பேசப்படும் படங்கள். கணக்கு வழக்கெல்லாம் பார்ட்னரும் மேனேஜருமான டெனிஸ் ஓ'பிரையன் கையில்.

1986-ல் மடோனா நடித்த 'ஷாங்காய் சர்ப்ரைஸ்' ஊற்றிக்கொண்டது. அடுத்தடுத்து அடி. 1994-ல் கம்பெனியை 85 லட்சம் டாலருக்கு விற்க வேண்டியதாயிற்று. கடன் சுமை இருவருக்கும் பொது என்று நம்பியிருந்தேன், எல்லாம் என் தலையில் மட்டும் விடிந்திருக்கிறது என்று ஹாரிசன் வழக்குப் போட்டார். 1996-ல் அவருக்கு 1 கோடியே 16 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பு. ஓ'பிரையனோ திவால் மனு போட்டுவிட்டார்.

'ஆரம்பத்துலயே கணக்குப் பார்த்திருந்தா அந்த முதல் படமே வந்திருக்காதே சார்' என்பீர்கள். நியாயம்தான். ஆனால், அன்று அவர் எதை அடகு வைக்கிறோம் என்று தெரிந்தேதான் வைத்தார். போனாலும் போகட்டும் என்று தெரிந்து கொடுப்பது தாராளம். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே பார்க்காமல் போடுவது? அது பல நேரம் நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம். கூடவே, 'கேட்டா தப்பா நெனைப்பானோ' என்கிற கூச்சம்.

இன்னொன்று. யாருமே கேட்காத கணக்கு, அதை வைத்திருப்பவருக்கும் ஆபத்து. நல்லவரைக்கூட மெதுவாக வழுக்க வைக்கும். கேட்பது அவரைக் காப்பாற்றவும்தான்.

சரி, கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். நாளைக்கு உங்க பார்ட்னர் உங்ககிட்ட கணக்குக் கேட்டா, உங்க முகம் சுருங்குமா, சுருங்காதா?